"புரிஞ்சுதா?" என்று கேட்பதை விடுங்கள்: எல்லையோரப் பள்ளிக்குப் புதிதாக வரும் டீச்சர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை, கோவிந்தாபுரம் என்று கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடியில் தமிழ் மீடியம் பள்ளிக்கு முதல் போஸ்டிங் கிடைத்து வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். பாடம் நடத்துவது எப்படி என்பது இதில் இல்லை, அதைப் படித்துத்தான் வந்திருப்பீர்கள். பிள்ளைகள் வாயைத் திறக்க வேண்டும், நீங்கள் சொன்னது அவர்கள் தலைக்குள் போய் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்கு எதை முதலில் செய்வது எதை அப்புறம் செய்வது என்பது மட்டும்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும்.

முதல் வாரம்: பெயர்

பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். ரிஜிஸ்டரில் இருக்கும் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று, பையன்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் மூன்றாவது. முதல் இரண்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும், மூன்றாவதை நீங்கள் ஒருநாளும் வாயில் எடுக்கக் கூடாது, சிரிப்புக்காகக்கூட. டீச்சரே சொல்லிவிட்டால் அது அந்தப் பிள்ளைக்கு எஸ்.எஸ்.எல்.சி. வரை ஒட்டிக்கொண்டுவிடும்.

எப்படிக் கூப்பிடுவது? இந்தப் பக்கம் கொங்குப் பேச்சு, "சொல்லு கண்ணு", "வா சாமி" என்றால் பிள்ளைகளுக்கு வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். உங்களுக்கு அது வராது என்றால் வரவழைக்க வேண்டாம், பெயரைச் சொன்னாலே போதும், போலியாகக் கொஞ்சினால் நாலாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். அவர்கள் உங்களைக் கூப்பிடுவது வேறு விஷயம். பாலக்காட்டு மாத்தூர் பஞ்சாயத்து 2021-ல் தன் ஆபீசில் சார், மேடம் என்று யாரும் யாரையும் அழைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதே மாவட்டத்தில் ஒலசேரியில் ஒரு எய்டட் பள்ளி அடுத்த ஆண்டே ஆண் பெண் வித்தியாசமில்லாமல் எல்லோரும் "டீச்சர்"தான் என்று ஆக்கியது. 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையமும் அதையே சொன்னது. ஆண்களுக்குக் கேட்கக் கொஞ்ச நாள் விநோதமாக இருக்கும், பழகிவிடும். உங்கள் பள்ளியில் சார், மாஷ் (மலையாளத்தில் மாஸ்டர்) என்று எது நடப்பில் இருக்கிறதோ அதை வந்த அன்றே மாற்றப் போகாதீர்கள்.

இரண்டாம் வாரம்: உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்

பி.எட்.டில் ஃபிளாண்டர்ஸ் என்று ஒருவர் வந்திருப்பார். மூன்று விநாடிக்கு ஒரு தடவை வகுப்பில் யார் பேசுகிறார் என்று குறிப்பது, மொத்தம் பத்து வகை, ஏழு டீச்சர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, மிச்சம் ஒன்று மௌனம் அல்லது குழப்பம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிற பாடம் அது. ஆனால் அமெரிக்க வகுப்புகளைக் கவனித்து அவர் சொன்ன கணக்கு மறக்கக் கூடாதது: வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு டீச்சருடையது. நம் வகுப்புகளில் டீச்சர் பங்கு இன்னும் அதிகம் என்பது என் எண்ணம்.

உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ள பத்து வகையெல்லாம் வேண்டாம். ஹெச்.எம்.மிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போனை மேஜையில் வைத்துப் பத்து நிமிஷம் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள் (வீடியோ வேண்டவே வேண்டாம், பிள்ளைகள் முகத்தைப் படம் எடுப்பதில் நிறைய வில்லங்கம் இருக்கிறது). சாயங்காலம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேளுங்கள். எத்தனை கேள்வி கேட்டீர்கள், அதில் எத்தனைக்கு நீங்களே பதில் சொன்னீர்கள், எத்தனைக்கு வகுப்பே கோரஸாகப் பாடியது, எத்தனைக்கு ஒரு பிள்ளை தனியாக ஒரு முழு வாக்கியம் சொன்னது. கடைசிக் கணக்குதான் முக்கியம், பெரும்பாலும் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

அப்புறம்: கேள்வியை மாற்றுங்கள்

"புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது டீச்சர்" என்று முப்பது குரல் ஒன்றாக வரும். அதற்கு அர்த்தம் மணி அடிக்கப் போகிறது என்பதுதான். புரியாதவனுக்குப் புரியவில்லை என்பதே தெரியாது, தெரிந்தவளும் எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்ல மாட்டாள். அதனால் அந்தக் கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். "டவுட் இருக்கா?" என்பதும் அதே ஜாதிதான்.

பதிலாக, எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டுகிற மாதிரிக் கேளுங்கள். பின்னம் நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். "1/3 பெருசா, 1/4 பெருசா? பெருசை ஸ்லேட்டில் எழுதிக் கவிழ்த்து வையுங்க, நான் சொன்னதும் தூக்குங்க." தூக்கினதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும், பாதிப் பேர் 1/4 என்று எழுதியிருப்பார்கள், மூன்றைவிட நாலு பெரிது என்பது அவர்கள் நியாயம். நீங்கள் அரை மணி நேரம் வட்டம் வெட்டிக் காட்டியும் அந்த நியாயம் அசையவில்லை என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும், யூனிட் டெஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்லேட்டு இல்லாவிட்டால் வெள்ளைத் தாளை ட்ரான்ஸ்பரண்ட் ஃபைலுக்குள் போட்டு போர்டு மார்க்கரால் எழுதித் துடைக்கலாம், பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்கூடப் போதும்.

"ஏன்", "எப்படி" என்று தொடங்கும் கேள்விகளை நோட்ஸ் எழுதும்போதே இரண்டு மூன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு நல்ல கேள்வி யோசிப்பது அனுபவப்பட்டவர்களுக்கே கஷ்டம். முதலமடைப் பிள்ளைகளிடம் "மாம்பூ பூத்திருக்கும்போது மழை பெஞ்சா வீட்டுல ஏன் கவலைப்படறாங்க?" என்று கேட்டால், பூவின் பாகங்களை ஒப்பிக்கச் சொல்வதைவிட நிறையப் பேச்சு வரும், மகரந்தச் சேர்க்கைக்கு நீங்கள் அங்கிருந்தே போய்விடலாம்.

கேட்ட பிறகு: வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்: கேள்வி கேட்ட டீச்சர் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார், அதற்குள் இன்னொருவரைக் கேட்கிறார், இல்லாவிட்டால் தானே பதில் சொல்லிவிடுகிறார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, "தெரியாது" குறைந்தது, பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்டார்கள், மந்தம் என்று டீச்சர்கள் நினைத்திருந்த பிள்ளைகளும் பேசினார்கள். பணம் காசு வேண்டாம், சார்ட் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம், ஆனாலும் இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான காரியம். வகுப்பில் மூன்று விநாடி மௌனம் மூன்று நிமிஷம் மாதிரி இருக்கும். சாக்பீஸைக் கீழே வையுங்கள், மனதுக்குள் நிதானமாக ஐந்து வரை எண்ணுங்கள், அந்த நேரத்தில் ஒருவரையே உற்றுப் பார்க்காதீர்கள்.

அவர் சொன்ன இரண்டாவது இடைவெளியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பதில் சொன்ன உடனே "வெரி குட்" என்று விழுந்தடித்துச் சொல்லாதீர்கள். அங்கேயும் பொறுங்கள். பாதிப் பிள்ளைகள் முதல் வாக்கியத்தை முடித்துவிட்டு "ஆனா டீச்சர்..." என்று தொடருவார்கள், அந்த "ஆனா"வில்தான் விஷயமே இருக்கும்.

நமக்கு இந்த இடைவெளி இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. கேள்வி புத்தகத் தமிழில் வருகிறது, பிள்ளை அதைத் தன் வீட்டுப் பேச்சுக்கு மாற்றி யோசித்து, பதிலை மறுபடி பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றிக் கொடுக்கிறது. ஒரு விநாடியில் எப்படி நடக்கும்?

இன்னும் கொஞ்ச நேரம் தர வேண்டுமானால், "தனியா யோசி, பக்கத்து ஆளிடம் சொல், அப்புறம் எல்லோருக்கும் சொல்" என்ற வரிசையைப் பழக்குங்கள், 1981-ல் ஃபிராங்க் லைமன் சொன்னது. தோழியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டால், எழுந்து நின்று சொல்வது பாதிப் பயம்தான். கை தூக்கச் சொன்னால் எப்போதும் அதே ஐந்து கைகள்தான் வரும் என்பதால், சிலர் ஐஸ் குச்சியில் பெயர் எழுதி டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் பக்கத்து ஆளிடம் பேச நேரம் கொடுத்த பிறகு மட்டும் குச்சியை எடுங்கள். திடீரென்று குச்சியில் பெயர் வந்தால், கூச்சமுள்ள பிள்ளை அன்றைக்கு முழுக்கப் பாடத்தைக் கேட்காது, டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

தப்பான பதில் வரும்போது

52-லிருந்து 27 போனால் மிச்சம் எவ்வளவு? ஒருவன் 35 என்கிறான். "தப்பு, அடுத்தவன் சொல்லு" என்றால் அவன் கதை அதோடு முடிந்தது, பார்த்துக்கொண்டிருந்த இன்னும் பத்துப் பேர் அன்றோடு வாயை மூடிக்கொள்வார்கள். "எப்படி வந்துச்சுன்னு சொல்லு சாமி" என்று கேளுங்கள். "ஏழுலருந்து ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுலருந்து ரெண்டு போனா மூணு" என்பான். பார்த்தீர்களா, அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை, பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறான். அந்த விதி வகுப்பில் இன்னும் நாலைந்து பேரிடம் இருக்கும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டை எடுத்து, ஒரு கட்டை அவனையே பிரிக்கச் சொன்னால் தீர்ந்தது.

போர்டுக்கு வர மாட்டேன் என்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லட்டும். ரொம்பக் கூச்சப்படுகிற வகுப்பு என்றால் யார் பெயரும் சொல்லாமல் தப்பான கணக்கை நீங்களே போர்டில் போட்டு, "இதைப் போட்டவர் எந்த இடத்துல வழி மாறினார்?" என்று விடுங்கள்.

சிரிப்பு ஒன்று இருக்கிறது. ஒருவர் தப்பாகச் சொன்னால் வகுப்பு சிரிக்கும். முதல் தடவையே நிறுத்துங்கள், கோபமாக இல்லை, உறுதியாக. நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டால் அப்புறம் எந்தச் சட்டம் போட்டும் பலனில்லை. சட்டம் என்றதும் ஒன்று: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மன ரீதியாக நோகடிப்பதையும் தடை செய்கிறது. "உனக்கெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பது அந்தக் கணக்கில்தான் வரும். அதோடு, இந்த ஊரில் மாடு மேய்ப்பவர் அந்தப் பிள்ளையின் அப்பாவாக இருக்கலாம்.

வீட்டுப் பேச்சை உள்ளே விடுங்கள்

ஒரே பெஞ்சில் மூன்று விதப் பேச்சு உட்கார்ந்திருக்கும். ஒருத்தி வீட்டில் கொங்குத் தமிழ், லீவு விட்டால் பொள்ளாச்சியில் மாமன் வீடு. பக்கத்தில் இருப்பவன் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழும் கடையில் மலையாளமும் பேசுகிறவன். முதலமடைப் பக்கம் என்றால் எரவாளர் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள், அவர்கள் பேச்சு வேறு ஒரு தினுசு. இவர்கள் எல்லோருக்கும் புத்தகத் தமிழ் கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, பதிலைப் பாருங்கள், பாஷையைத் திருத்தப் போகாதீர்கள். "தண்ணி ஆவியாப் போயிருச்சு டீச்சர்" என்றால் பதில் சரி. "ஆமா, ஆவியாப் போயிருச்சு. இப்படிப் போறதுக்கு ஆவியாதல்னு பேரு" என்று நீங்கள் ஒரு தடவை புத்தகச் சொல்லைப் போட்டுச் சொல்லுங்கள், அடுத்த தடவை பிள்ளையே அந்தச் சொல்லை எடுக்கும். "போயிருச்சு இல்ல, போய்விட்டது" என்று நடுவில் வெட்டினால் அறிவியலும் போகும், தமிழும் வராது. திருத்தம் எழுத்தில் இருக்கட்டும், நோட்டில் பென்சிலால் அடிக்கோடு போட்டால் போதும். "மனசிலாகல டீச்சர்" என்று மலையாளம் கலந்து வந்தால், தமிழ்நாட்டுப் பக்கம் படித்து வந்தவர்கள் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். அந்தப் பிள்ளை தனக்குப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதே பெரிய விஷயம், எந்தப் பாஷையில் சொன்னால் என்ன?

மலையாளத்தில் படித்து டிரெய்னிங் முடித்து இங்கே வருகிறவர்களுக்கு நேர் எதிரான சிக்கல். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், பிள்ளைகள் முன்னால் தடுமாறுவோமோ என்ற பயத்தில் பேச்சைக் குறைத்து போர்டில் எழுதிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பதில், "இதை நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்று பிள்ளைகளையே கேட்டுவிடுங்கள். டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்கக் கிடைத்தால் பேசாத பிள்ளையும் பேசும். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் 350ஏ பிரிவு 1956-லேயே வந்துவிட்டது. அதைக் காகிதத்திலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவருகிற ஆள் கடைசியில் நீங்கள்தான்.

ஆறாம் வகுப்புக்கு மேல் எடுப்பவர்கள் சுவரில் மூன்று பத்தி உள்ள ஒரு சார்ட் மாட்டுங்கள்: ஆவியாதல், பாஷ்பீகரணம், எவாப்பரேஷன் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துச் சொற்கள், தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும். பிள்ளைகள் எழுதட்டும். பிளஸ் டூவுக்கு வேறு மீடியம் போகும்போது பாடம் தெரிந்தும் சொல் தெரியாமல் வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அதற்கு இது கொஞ்சமாவது உதவும்.

பெஞ்ச்

2025-ல் கேரளத்தில் சில பள்ளிகள் பெஞ்சுகளைச் சுவரோரமாக "ப" மாதிரி போட்டு, கடைசி பெஞ்ச் என்பதையே இல்லாமல் ஆக்கின, தமிழ்நாட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. இருபது பேர் உள்ள வகுப்பு என்றால் செய்து பாருங்கள். நாற்பது பேர் என்றால் இடம் போதாது, ஓரத்தில் இருப்பவர்கள் நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போர்டைப் பார்க்க வேண்டும். கலந்து பேசுகிற பீரியடுக்கு மட்டும் அப்படிப் போடலாம். அதைவிட எளிது, வாரா வாரம் வரிசையை மாற்றுவதும், நீங்கள் மேஜையை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று பாடம் எடுப்பதும்.

பேசவே பேசாத பிள்ளை

வகுப்பில் பேசாதவர்கள் மதியச் சோறு சாப்பிடும்போது பேசுவார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசுவார்கள். அங்கே போய் நில்லுங்கள், பாடத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் சந்தேகத்தை எழுதிப் போடச் சொல்லலாம். முதலில் "டீச்சர் உங்க சேலை சூப்பர்" என்றுதான் சீட்டு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், கேள்விகள் பின்னால் வரும்.

தனியாகப் பேச வேண்டும் என்று ஒரு பிள்ளை வந்தால் கதவு திறந்திருக்கட்டும், நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும், ஆனால் காதில் விழாத தூரம். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் செய்யாதீர்கள். வீட்டிலோ வெளியிலோ யாராவது தன்னிடம் பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்துகொண்டதாகப் பிள்ளை சொன்னால், 2012 போக்சோ சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது தெரிந்த ஒவ்வொருவரின் கடமை, டீச்சரும் அதில் அடக்கம். துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொண்டு, ஹெச்.எம்.மிடமும் பள்ளிக் கவுன்சிலர் இருந்தால் அவரிடமும் அன்றைக்கே போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புச் சுவரில் பிள்ளைகள் கண்ணுயரத்தில் எழுதி வையுங்கள்.

பெற்றோர்

கிளாஸ் பி.டி.ஏ. (பெற்றோர் கூட்டம்) நோட்டீஸ் பெரும்பாலும் மலையாளத்தில் போகும், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மா அதை மடித்து டப்பாவில் போட்டுவிடுவார், வரவில்லை என்று நாம் குறைப்படுவோம். வாட்ஸ்அப்பில் உங்கள் குரலிலேயே அரை நிமிஷம் தமிழில் பேசி அனுப்புங்கள், வருகிறவர்கள் கூடுவார்கள். மாந்தோப்பு சீசனில் கூலி வேலையை விட்டுவிட்டுப் பகல் இரண்டு மணிக்கு யாரும் வர முடியாது, நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். வந்தவரிடம் முதல் பேச்சு புகாராக இருக்க வேண்டாம், அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. "போன வாரம் ஒரு நல்ல கேள்வி கேட்டான்" என்று தொடங்குங்கள், என்ன கேள்வி என்பதையும் சொல்லுங்கள், பொதுப்படையாகப் புகழ்ந்தால் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

சத்தம்

இதெல்லாம் தொடங்கினால் வகுப்பு சத்தமாகத்தான் இருக்கும், பக்கத்து கிளாஸ் டீச்சர் எட்டிப் பார்ப்பார், ஸ்டாஃப் ரூமில் "புது டீச்சருக்குக் கன்ட்ரோல் இல்ல" என்று ஒரு பேச்சு வரும். முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள், "மூணாவது பீரியட் பத்து நிமிஷம் பிள்ளைங்களைப் பேச விடறேன், தொந்தரவா இருந்தா சொல்லுங்க" என்று. சில பழைய பள்ளிகளில் வகுப்புகளுக்கு நடுவில் தட்டிதான் இருக்கும், அங்கே பேச்சு வேலையை மரத்தடிக்குக் கொண்டு போவதுதான் மரியாதை. நிறுத்துவதற்கு ஒரு சைகை பழக்கி வையுங்கள், நீங்கள் கையைத் தூக்கினால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். "சைலன்ஸ்" என்று கத்துவதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும், தொண்டையும் மிஞ்சும். ஹெச்.எம். கேட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காமல், அந்தப் பீரியடில் பிள்ளைகள் எழுதிக் காட்டிய ஸ்லேட்டுகளில் நாலைந்தை எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வையுங்கள்.